வாயைத் திறக்காதவருக்கும் பல் வைத்தியம்: சிறப்புத் தேவை உள்ளவர்களுக்கான முழு வழிகாட்டி

"பையனுக்கு ஆட்டிசம். நீங்க பார்ப்பீங்களா?" என்று தொலைபேசியில் கேட்கும் அம்மாவின் குரலில் ஒரு தயக்கம் இருக்கும். ஏற்கெனவே இரண்டு மூன்று இடங்களில் "இங்க வசதி இல்லைங்க, பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க" என்று கேட்டுவிட்டு வந்த தயக்கம். அப்படிச் சொல்லி அனுப்பியவர்களில் நானும் ஒருவன். படிப்பு முடித்த புதிதில், நாற்காலியில் உட்கார மறுத்த ஒரு பெண்ணைப் பற்றி 'நோயாளி ஒத்துழைக்கவில்லை' என்று சீட்டில் எழுதிவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டேன். அவள் ஒத்துழைப்பதற்காக நான் என்ன செய்தேன் என்பதை அந்தச் சீட்டில் எழுதவில்லை. எழுத ஒன்றும் இல்லை.

உலக மக்கள்தொகையில் ஆறில் ஒருவர், அதாவது சுமார் 130 கோடிப் பேர், குறிப்பிடத்தக்க குறைபாட்டுடன் வாழ்கிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் 2022-ல் கணக்குச் சொன்னது. மறதி நோய் உள்ள முதியவர்கள், தீவிர மனநோய் உள்ளவர்கள், வன்முறைக்கு ஆளாகி மீண்டவர்கள், பல் நாற்காலியைக் கண்டாலே உடல் நடுங்குகிறவர்கள் என்று பார்த்தால் பட்டியல் இன்னும் நீளும். இவர்களில் பெரும்பாலானோரைச் சாதாரண கிளினிக்கிலேயே பார்த்துவிடலாம். விலை உயர்ந்த கருவி எதுவும் வேண்டாம். நேரத்தை வேறு மாதிரி செலவழிக்கப் பழக வேண்டும், அவ்வளவுதான்.

இது முக்கியமாகப் பல் மருத்துவர்களுக்கும் உதவியாளர்களுக்கும் எழுதியது. ஆறாம் படி மட்டும் வீட்டில் கவனித்துக்கொள்பவர்களுக்கு. அவர்கள் நேராக அங்கே போகலாம்.

படி 1: ஆள் வருவதற்கு முன்பே

பாதி சிகிச்சை தொலைபேசியிலேயே முடிந்துவிடும். "உட்காருவாரா, வாயைத் திறப்பாரா?" என்று கேட்காதீர்கள். அதற்கு வீட்டில் யாருக்கும் பதில் தெரியாது. இப்படிக் கேளுங்கள்: 'ஆமாம்', 'வேண்டாம்' என்பதை எப்படிச் சொல்வார்? எந்தச் சத்தம், எந்த வாசனை பிடிக்காது? எங்கே தொட்டால் கோபம் வரும்? எது கையில் இருந்தால் அமைதியாக இருப்பார்? போன தடவை பல் மருத்துவரிடம் போனபோது என்ன நடந்தது? கடைசிக் கேள்விக்கு வரும் பதிலைக் கவனமாகக் கேட்டுக்கொள்ளுங்கள். நாலு பேர் அமுக்கிப் பிடித்துப் பல்லைப் பிடுங்கிய கதை அதில் வெளிவரலாம். அப்படியானால் உங்கள் முதல் வேலை அந்த நாளுக்கு ஈடு செய்வதுதான்.

அடுத்தது நேரம். ஆட்டிசம் உள்ளவருக்கு அன்றைய முதல் நேரத்தைக் கொடுங்கள். காத்திருப்பு அறையில் இருபது நிமிடம் இருந்தாலே அவருடைய பொறுமை முழுக்கத் தீர்ந்துவிடும்; நாற்காலிக்கு மிச்சம் இருக்காது. மறதி நோயில் மாலை நெருங்க நெருங்கக் குழப்பம் கூடும் என்பதால் காலை நேரம் நல்லது. சர்க்கரை நோயாளி சாப்பிட்டு, மருந்து எடுத்த பிறகு வரட்டும். டயாலிசிஸ் செய்பவருக்கு அதற்கு மறுநாள் பொருத்தமானது: டயாலிசிஸ் அன்று ஹெபாரின் கொடுப்பதால் ரத்தம் சுலபத்தில் நிற்காது. வலிப்பு உள்ளவர் மாத்திரையைத் தவறவிடாமல், இரவு நன்றாகத் தூங்கி வர வேண்டும்.

மருந்துகளின் பெயரைக் கேட்டு எழுதுவதைவிட, அட்டைகளைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அப்புறம் உட்கார்ந்து நிதானமாகப் படியுங்கள். நான் தேடுவது இவற்றைத்தான்.

ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை இருந்தால், அதை நிறுத்தச் சொல்லி நீங்களாக உத்தரவு போடாதீர்கள். அப்படி ஒரு மாத்திரையான வார்ஃபரின் எடுப்பவருக்கு, ரத்தம் உறைய ஆகும் நேரத்தைக் காட்டும் ஐ.என்.ஆர். அளவு 4-க்குக் கீழே இருந்தால், மருந்தை நிறுத்தாமலேயே சாதாரணமாகப் பல் எடுக்கலாம் என்று சொல்லும் வழிகாட்டுதல்கள் உண்டு. தையல், அழுத்தம், ரத்தத்தை நிறுத்த உதவும் டிரானெக்சாமிக் அமிலத்தில் நனைத்த பஞ்சு ஆகியவை கைவசம் இருக்க வேண்டும். ஒரு பல்லுக்காக மாத்திரையை நிறுத்தி, பக்கவாதத்தில் கொண்டுபோய் விட்டால் அதைத் திருப்ப முடியாது.

எலும்பு மருந்துகளான சோலெட்ரானிக் அமிலமோ டெனோசுமாபோ தொடங்கப் போகிறவர் என்றால், தொடங்குவதற்கு முன்பே எடுக்க வேண்டிய பற்களை எடுத்துவிடுங்கள். பின்னால் எடுத்தால் தாடை எலும்பு ஆறாமல் போகும் ஆபத்து உண்டு. தலை, கழுத்துப் பகுதிக்குக் கதிர்வீச்சு பெறப் போகிறவருக்கும் இதே விதிதான்.

டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்குப் பிறவியிலேயே இதயக் கோளாறு இருக்கும். அதற்காக, இதயத்தில் தொற்று வராமல் தடுக்கச் சிகிச்சைக்கு முன் எல்லோருக்கும் ஆன்டிபயாட்டிக் கொடுக்க வேண்டியதில்லை. யாருக்குக் கொடுக்க வேண்டும் என்ற பட்டியலை அமெரிக்க இதயச் சங்கம் 2007-ல் வெகுவாகச் சுருக்கிவிட்டது: செயற்கை வால்வு, முன்பு வந்த இதய உட்சுவர்த் தொற்று, குறிப்பிட்ட சில பிறவிக் கோளாறுகள், வால்வுப் பழுதுள்ள மாற்று இதயம். 2021-ல் வந்த திருத்தத்தில் கிளிண்டாமைசின் என்ற ஆன்டிபயாட்டிக்கையும் கைவிடச் சொன்னார்கள். சந்தேகம் இருந்தால் இதய மருத்துவருக்கு ஒரு போன் போடுங்கள்.

ஸ்பைனா பிஃபிடாவுடன், அதாவது முதுகுத்தண்டு முழுதாக மூடாமல், பிறந்தவர்களுக்கு லேடெக்ஸ் (இயற்கை ரப்பர்) ஒவ்வாமை அதிகம். அவர் வரும் நாளில் ரப்பர் கையுறை அறையிலேயே இருக்கக் கூடாது.

கடைசியாக, வாசல், வரவேற்பு மேசை, நாற்காலி, முகக்கவசம் போட்டும் போடாமலும் உங்கள் முகம் என்று ஏழெட்டுப் படங்களை வீட்டுக்கு அனுப்பிவையுங்கள். அதோடு ஒரு பிளாஸ்டிக் வாய்க்கண்ணாடியும் ஒரு ஜோடிக் கையுறையும். இங்கே வருவதற்குள் அவை பழகிய பொருளாகியிருக்கும்.

படி 2: முதல் சந்திப்பில் எதையும் சரிசெய்யாதீர்கள்

கடுமையான வலியோ வீக்கமோ இருந்தால் தவிர, முதல் நாள் சிகிச்சை வேண்டாம். உள்ளே வந்தார், நாற்காலியைத் தொட்டார், திரும்பிப் போனார் என்றால் அது வெற்றிதான். கூட வந்தவர்களுக்கு இது புரியாது. "இவ்வளவு தூரம் வந்துட்டு ஒண்ணுமே பண்ணலையே டாக்டர்" என்பார்கள். தொலைபேசியிலேயே இதைச் சொல்லி வைத்துவிட்டால் சங்கடம் இல்லை.

முதல் வணக்கம் நோயாளிக்கு. அவருக்குப் பேச வராது என்றாலும், காது கேட்காது என்றாலும், அவர் கண் மட்டத்துக்கு இறங்கி அவரிடம்தான் முதலில் பேச வேண்டும். முப்பது வயதுக்காரரை "என்ன செல்லம்" என்று கொஞ்சாதீர்கள். ஒப்புதலும் இப்படித்தான். ஊனமுற்றோரின் உரிமைகளுக்கான ஐ.நா. உடன்படிக்கை 2006-லிருந்தே சொல்லி வருவது இது: முடிவெடுக்க உதவி தேவைப்படுகிறது என்பதால் முடிவெடுக்கும் உரிமை போய்விடாது. படம் காட்டி, எளிய சொற்களில், ஒரு நேரத்தில் ஒரே விஷயமாகச் சொன்னால் நாம் நினைப்பதைவிட அதிகம் பேர் தாங்களே சம்மதமோ மறுப்போ சொல்வார்கள். அது முடியாதபோது சட்டப்படி யார் முடிவெடுக்கலாம் என்பதை உங்கள் நாட்டு விதிப்படி தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள்.

படி 3: பழக்குதல்

என் அனுபவத்தில் எல்லாவற்றையும் தீர்மானிப்பது இந்தப் படிதான். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

குழந்தைகளுக்கான பல் மருத்துவத்தில் 'சொல், காட்டு, செய்' என்று ஒரு முறை 1959-லிருந்தே உண்டு. செய்யப் போவதைச் சொல்கிறோம், விரல்மேல் காட்டுகிறோம், அப்புறம்தான் வாயில் செய்கிறோம். அறிவுசார் குறைபாடு உள்ளவருக்கும் இது பொருந்தும். ஆனால் படிகளை இன்னும் நறுக்க வேண்டும். 'பல்லைப் பரிசோதிப்பது' நமக்கு ஒரு வேலை. அவருக்கு அது பன்னிரண்டு வேலை: அறைக்குள் வருவது, நாற்காலியைத் தொடுவது, உட்காருவது, சாய்வது, விளக்கைச் சகிப்பது, முகத்தருகே ஒரு கை, கையுறையின் வாசனை, உதட்டில் விரல், கண்ணாடி பல்லில் படுவது என்று போகும். எந்தப் படியில் உடல் இறுகுகிறதோ அதற்கு முந்தைய படியில் நின்றுவிடுங்கள். அங்கேயே பாராட்டி அனுப்புங்கள். அடுத்த வாரம் அதே இடத்திலிருந்து தொடரலாம்.

எண்ணிக்கை நல்ல கூட்டாளி. "அஞ்சு எண்ணுற வரைக்கும்" என்று சொல்லி, சொன்னபடி ஐந்தில் நிறுத்துங்கள். இன்னும் ஒரே ஒரு வினாடி இருந்தால் வேலை முடிந்துவிடும் என்று தோன்றும். நிறுத்திவிடுங்கள். ஐந்து என்று சொல்லிவிட்டு எட்டு வரை இழுத்த மருத்துவரை அவர் அடுத்த முறை நம்ப மாட்டார், அதுவும் சரியே. கையைத் தூக்கினால் நிறுத்துவேன் என்று ஒப்பந்தம் போட்டால் அதற்கும் இதே நேர்மை வேண்டும். முதல் தடவை பெரும்பாலும் சோதித்துப் பார்க்கத்தான் கை தூக்குவார்கள்.

ஆட்டிசம் உள்ளவர்களுக்குப் பெரும்பாலும் நம் கருவிகளைவிட நம் அறைதான் பிரச்சினை. மேல்விளக்கை அணைத்துவிட்டு, தலையில் மாட்டும் சிறு விளக்கைப் பயன்படுத்தலாம். கறுப்புக் கண்ணாடி, காதை மூடும் ஹெட்போன் கொடுக்கலாம். புதினா வாசனை பலருக்குத் தீயாக எரியும். எக்ஸ்ரே எடுக்கும்போது போர்த்தும் கனமான ஏப்ரனை மேலே போட்டால் சிலர் சட்டென்று அமைதியாகிவிடுவார்கள். வேறு சிலருக்கு அதே கனம் பயம் தரும். கேட்டுவிட்டுச் செய்யுங்கள். மெல்லப் பூப்போல் தொடுவதைவிட உறுதியான, அசையாத தொடுதலைத் தாங்குகிறவர்கள் அதிகம். அறைக்குள் ஒரே ஒரு குரல் மட்டும் பேசட்டும். மருத்துவர் ஒரு பக்கம், உதவியாளர் ஒரு பக்கம், அம்மா ஒரு பக்கம் என்று மூன்று பேர் ஒரே நேரத்தில் சமாதானப்படுத்தினால் அது சமாதானம் இல்லை, கூச்சல்.

பாலியல் வன்முறையிலிருந்தோ சித்திரவதையிலிருந்தோ மீண்டவர்கள் அதை நம்மிடம் சொல்ல மாட்டார்கள். மல்லாந்து படுத்திருக்க, முகம் மூடிய ஒருவர் மேலே குனிந்து வாய்க்குள் கை விடுவது அவர்களுக்கு என்னவாக இருக்கும் என்று நாம்தான் யோசித்துப் பார்க்க வேண்டும். அதனால் நான் எல்லோரிடமும் ஒரே கேள்வியைக் கேட்கிறேன்: "இதில் உங்களுக்கு எது ரொம்பக் கஷ்டம்?" காரணம் கேட்பதில்லை. கதவு கண்ணில் படும்படி நாற்காலி, பாதி மட்டும் சாய்வு, தொடுவதற்கு முன் ஒரு வார்த்தை. இவ்வளவே பலருக்குப் போதும்.

படி 4: உட்கார வைப்பது

பெருமூளை வாதம் உள்ளவரை நாற்காலியில் தட்டையாகச் சாய்த்துவிட்டுத் தலையைப் பின்னால் தள்ளினால், உடல் முழுக்க வில்லாக விறைக்கும். அவர் வேண்டுமென்று செய்வதில்லை. அது அனிச்சைச் செயல். தலை நடுவில், தாடை சற்றுக் கீழே, முழங்காலுக்கு அடியில் தலையணை. விளக்கைத் திடீரென்று முகத்தில் அடிக்காதீர்கள், பின்னாலிருந்து சத்தமில்லாமல் வராதீர்கள். வாயில் கண்ணாடி பட்டதும் பற்கள் கிட்டித்துக்கொண்டால் இழுக்கக் கூடாது. காத்திருந்தால் தானாக விடும். சக்கர நாற்காலியில் அவருக்கென்றே வடிவமைத்த இருக்கை இருந்தால், இடம் மாற்றாமல் அதிலேயே வைத்துப் பாருங்கள். குனிந்து வேலை செய்வது நம் முதுகுக்குக் கஷ்டம்தான். ஆனால் அவருடைய உடல் அங்கே தளர்வாக இருக்கும்.

டவுன் சிண்ட்ரோமில் கழுத்தின் முதல் இரண்டு முள்ளெலும்புகளுக்கு இடையே தளர்வு இருக்கலாம். தலையைப் பின்னால் வளைப்பதோ வலுவாகத் திருப்புவதோ கூடாது.

மார்புப் பகுதியின் ஆறாம் தண்டுவட எலும்புக்கு அல்லது அதற்கு மேலே காயம்பட்டவருக்குத் திடீரென்று கடும் தலைவலி, முகச் சிவப்பு, வியர்வை வந்தால் ரத்த அழுத்தம் ஆபத்தாக ஏறுகிறது என்று அர்த்தம். உடனே நிமிர்த்தி உட்கார வையுங்கள், இறுக்கமான உடையைத் தளர்த்துங்கள், சிறுநீர்க் குழாய் மடங்கியிருக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் காரணம் அங்கேதான் இருக்கும். அழுத்தம் இறங்காவிட்டால் அவசர உதவியைக் கூப்பிடுங்கள்.

வலிப்பு வந்தால் கருவிகளை வாயிலிருந்து எடுங்கள், நாற்காலியைத் தாழ்த்துங்கள், ஒருக்களித்துத் திருப்புங்கள், நேரம் பாருங்கள். வாயில் எதையும் திணிக்காதீர்கள். ஐந்து நிமிடத்தைத் தாண்டினால் அவசர உதவி.

படி 5: வலியைக் கண்டுபிடிப்பது

"இந்தப் பல் வலிக்கிறது" என்று சொல்ல முடியாதவர் வேறு விதமாகச் சொல்வார். தலையில் அடித்துக்கொள்வது, ஒரு பக்கமாக மெல்லுவது, திடீரென்று தூங்காமல் இருப்பது, பல் செட்டைப் போட மறுப்பது, குளிர்ந்த நீரைத் தள்ளிவிடுவது, கையைக் கடிப்பது. 'அது அவரோட நோய்தான்' என்று வீட்டிலும் சொல்வார்கள், மருத்துவர்களும் சொல்வார்கள். நடத்தை புதிதாக மாறியிருந்தால், வாயைப் பார்க்காமல் மனநல மருந்தைக் கூட்டக் கூடாது. முற்றிய மறதி நோயில் மூச்சு, முனகல், முகபாவம், உடல் அசைவு, ஆற்றினால் அடங்குகிறாரா என்ற ஐந்தையும் மதிப்பிடும் 'பெயினாட்' என்ற அளவுகோல் 2003-லிருந்து இருக்கிறது. ஐந்து நிமிடம் பார்த்தால் போதும்.

வாயைத் திறந்தால் யாருக்கு எதை எதிர்பார்க்கலாம் என்றும் தெரிந்திருக்க வேண்டும். டவுன் சிண்ட்ரோமில் சொத்தை பெரும்பாலும் குறைவு, ஆனால் ஈறு நோய் இளம் வயதிலேயே வேகமாக வரும். வலிப்புக்கான ஃபெனிடாயின் மருந்தை எடுப்பவருக்கு ஈறு பல்லை மூடும் அளவுக்கு வளரலாம். குழாய் வழியே உணவு பெறுபவர் வாயால் ஒன்றும் சாப்பிடுவதில்லையே, பல்லுக்கு என்ன என்று கேட்பார்கள். அங்கேதான் காரை மிக வேகமாகப் படியும். மெல்லாத வாய்க்குத் தானாகச் சுத்தமாகும் வழி இல்லை.

படி 6: வீட்டில், தினமும்

என்னுடைய சிகிச்சை ஆண்டில் சில மணி நேரம். உங்களுடையது நாள்தோறும் இரண்டு வேளை. எது பெரியது என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

பற்பசையில் ஃபுளோரைடு 1000 முதல் 1500 பி.பி.எம். (பத்து லட்சத்தில் இத்தனை பங்கு) இருக்கட்டும். மூன்று வயதுக்குள் அரிசி அளவு, அதற்கு மேல் பட்டாணி அளவு. துப்பினால் போதும், தண்ணீர் விட்டுக் கொப்பளிக்க வேண்டாம். துப்பத் தெரியாதவருக்கு நுரை வராத பசையை மிகக் கொஞ்சமாகத் தேய்த்து, மிச்சத்தை ஈரத்துணியால் துடைத்து எடுங்கள். சொத்தை அதிகம் உள்ள பெரியவர்களுக்கு 5000 பி.பி.எம். பசையை மருத்துவர் எழுதித் தருவார்.

குளியலறையில், நின்றபடி, எதிரே நின்றுதான் துலக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. அவரை நாற்காலியில் உட்கார வைத்து, நீங்கள் பின்னால் நின்று, தலையை உங்கள் வயிற்றில் சாய்த்துக்கொண்டு ஒரு கையால் தாடையைத் தாங்குங்கள். படுக்கையில் இருப்பவரைத் தலைப்பக்கம் உயர்த்தியோ ஒருக்களித்தோ வையுங்கள். மல்லாத்தி வைத்து வாயில் நீர் விட்டால் நுரையீரலுக்குப் போகும். ஒரு பிரஷ்ஷைக் கடிக்கக் கொடுத்துவிட்டு இன்னொன்றால் துலக்குவது கைகண்ட வழி. மூன்று பக்கமும் ஒரே நேரத்தில் தேய்க்கும் பிரஷ் கிடைத்தால் பாதி நேரம் மிச்சம். தானே துலக்க முயல்பவருக்குப் பிடி சிறியதாக இருந்தால் ஒரு பந்தில் துளை போட்டுக் கைப்பிடியைச் செருகுங்கள். விரலைப் பற்களுக்கு நடுவே மட்டும் விடாதீர்கள். கன்னத்துக்கும் பல்லுக்கும் இடையே விடலாம்.

மறுப்பவரிடம் கையின் பின்புறத்தில் பிரஷ்ஷை வைத்துத் தொடங்குங்கள். நாலு நாள் கழித்துக் கன்னம், அப்புறம் உதடு, அப்புறம் முன்பல் இரண்டு. முழு வாயும் ஒரே வேளையில் முடிய வேண்டியதில்லை. காலையில் மேல்வரிசை, இரவில் கீழ்வரிசை என்று பிரித்துக்கொண்டாலும் சரி. ரத்தம் வருகிறதே என்று நிறுத்தாதீர்கள். அழுக்கு நின்றதால்தான் ஈறு வீங்கி ரத்தம் வருகிறது. தொடர்ந்து துலக்கினால் பெரும்பாலும் ஓரிரு வாரத்தில் குறையும், குறையாவிட்டால் காட்டுங்கள்.

மறதி நோய் உள்ளவருக்கு, அவர் கையில் பிரஷ்ஷைக் கொடுத்து உங்கள் கையை அதன்மேல் வைத்துத் தொடங்கிவிடுங்கள். பழகிய அசைவு பல சமயம் தானே வந்துவிடும். அல்லது அவர் முன்னால் நீங்களும் துலக்குங்கள். இன்றைக்கு உங்களோடு முடியவில்லை என்றால் வீட்டில் இன்னொருவர் பத்து நிமிடம் கழித்துப் போய்ப் பார்க்கட்டும். தோற்றதாக நினைக்காதீர்கள், ஆள் மாறினாலே மனம் மாறும். பல் செட்டை இரவில் கழற்றி, சோப்பு நீரில் பிரஷ் செய்து, தண்ணீரில் போட்டு வையுங்கள். கொதிநீர் வேண்டாம், வளைந்துவிடும். முதியோர் இல்லத்தில் இருப்பவர் என்றால் செட்டில் பெயர் பொறித்துத் தரச் சொல்லிக் கேளுங்கள்.

இதெல்லாம் பல்லுக்காக மட்டும்தானா என்று கேட்டால், இல்லை. ஜப்பானில் 11 முதியோர் இல்லங்களில் நடந்து 2002-ல் வெளியான ஆய்வில், பராமரிப்பாளர்கள் வாயைச் சுத்தம் செய்துவிட்டவர்களில் 11 சதவீதம் பேருக்கு நிமோனியா வந்தது. அப்படிச் செய்யாதவர்களில் 19 சதவீதம் பேருக்கு.

இனிப்பில் இரண்டு இடங்களைப் பலரும் கவனிப்பதில்லை. ஒன்று, நாள்தோறும் இரவில் கொடுக்கும் மருந்து சிரப். சர்க்கரை இல்லாத வகை இருக்கிறதா என்று கேளுங்கள். இன்னொன்று, பயிற்சி வகுப்பில் ஒவ்வொரு சரியான செயலுக்கும் பரிசாகத் தரும் மிட்டாய். ஸ்டிக்கரோ, பிடித்த பொம்மையோடு ஒரு நிமிடமோ அதே வேலையைச் செய்யும்.

படி 7: சிகிச்சையைத் தேர்ந்தெடுப்பது

நாம் கல்லூரியில் கற்ற வரிசை, ஊசி, டிரில், அடைப்பு என்பது. இங்கே அந்த வரிசையில் பாதியைத் தவிர்க்க முடியும்.

சொத்தையை அப்படியே நிறுத்த 38 சதவீத சில்வர் டயமின் ஃபுளோரைடு இருக்கிறது. பல்லை உலர்த்தி, சின்ன பிரஷ்ஷால் தொட்டு வைத்து, ஒரு நிமிடம் காத்திருந்தால் போதும். ஊசி இல்லை, சத்தம் இல்லை. உலக சுகாதார நிறுவனம் 2021-ல் இதை அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது. சொத்தை நிரந்தரமாகக் கறுப்பாகும். இதைப் படம் காட்டி முன்கூட்டியே சொல்லாமல் வைக்காதீர்கள். தோலில் பட்ட கறை ஓரிரு வாரத்தில் போகும், துணியில் பட்டது போகாது. வெள்ளி ஒவ்வாமை உள்ளவருக்கும், நரம்பு வரை போய்த் தானாக வலிக்கும் பல்லுக்கும் இது ஆகாது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை மீண்டும் தொட்டுவைக்க வேண்டும்.

குழி பெரிதாக இருந்தால் கைக்கருவியால் மட்டும் சுரண்டி, கிளாஸ் அயனோமர் என்ற அடைப்புப் பொருளை அழுத்தி வைக்கலாம். 1980-களின் நடுவில் தான்சானியாவில், மின்சாரமும் டிரில்லும் இல்லாத இடங்களுக்காக உருவான முறை அது. டிரில் சத்தத்தைத் தாங்காதவருக்கும் அது அப்படியே பொருந்துகிறது. கடைவாய்ப் பால்பல்லில் சொத்தை என்றால் ஹால் முறை: ஸ்காட்லாந்தின் பல் மருத்துவர் நார்னா ஹால் பழக்கத்தில் கொண்டுவந்தது. ஊசியும் போடாமல், சொத்தையையும் எடுக்காமல், எஃகு உறையைச் சிமெண்ட் வைத்து மாட்டிவிடுவது. கடி சில வாரங்களுக்கு உயரமாகத் தெரியும், தானாகச் சரியாகும். எனக்கு முதலில் இது ஏமாற்று வேலையாகத்தான் தோன்றியது. உள்ளே அடைபட்ட சொத்தைக்குச் சர்க்கரை கிடைக்காமல் அது நின்றுவிடுகிறது என்பதை ஏற்க நாளானது.

மரத்துப்போகும் ஊசி போட்டே ஆக வேண்டும் என்றால், வேலை முடிந்த பிறகான மூன்று மணி நேரத்தைப் பற்றி யோசியுங்கள். மரத்த உதட்டை விளையாட்டாக மென்று கிழித்துக்கொள்வது நிறைய நடக்கும். வீட்டுக்கு அனுப்பும்போது மடித்த பஞ்சை இடையில் வைத்து, உணர்வு திரும்பும் வரை ஒருவர் பக்கத்திலேயே இருக்கச் சொல்லுங்கள், அதுவரை உணவும் வேண்டாம்.

இதற்கு மேல் தேவைப்பட்டால் நைட்ரஸ் ஆக்சைடு, அதாவது மூச்சில் இழுத்துப் பதற்றத்தைத் தணிக்கும் வாயு. மூக்கால் மூச்சுவிடத் தெரிந்தவருக்கும், மூக்கில் மாட்டும் உறையைச் சகிப்பவருக்கும் மட்டுமே அது உதவும். மருந்து கொடுத்து அரைமயக்கம் ஏற்படுத்துவது, முழு மயக்கம் ஆகியவற்றுக்குப் பயிற்சி பெற்றவரும், மூச்சைக் கண்காணிக்கும் வசதியும் கட்டாயம். டவுன் சிண்ட்ரோம் போன்றவற்றில் மூச்சுப்பாதை குறுகலாக இருக்கும் என்பதால் இது கூடுதல் கவனத்துக்குரியது. முழு மயக்கம் தேவைப்பட்டால் தயங்காதீர்கள், ஆனால் அதை வீணாக்காதீர்கள். எல்லாப் படங்களும், கிளீனிங்கும், அடைப்பும், எடுக்க வேண்டியதும் ஒரே தடவையில் முடிய வேண்டும். காது, கண், ரத்தப் பரிசோதனை என்று வேறு துறைக்கு ஏதும் பாக்கி இருந்தால் அதையும் அதே மயக்கத்தில் சேர்க்க முடியுமா என்று கேளுங்கள். திட உணவு ஆறு மணி நேரம், தெளிந்த நீர் இரண்டு மணி நேரம் முன்பே நிறுத்துவது பொதுவான விதி. மருத்துவமனை தரும் நேரத்தைப் பின்பற்றுங்கள்.

கையைக் காலைப் பிடித்து வைத்துச் செய்வது பற்றியும் சொல்லிவிடுகிறேன். உயிருக்கோ கடும் தொற்றுக்கோ சம்பந்தப்பட்ட அவசரத்தில், வேறு எதுவும் இல்லாதபோது, எழுத்தில் ஒப்புதலுடன், மிகக் குறுகிய நேரம். வசதிக்காகவோ நேரமின்மையாலோ செய்தால், அடுத்த இருபது ஆண்டு அந்த நபர் எந்தப் பல் மருத்துவரிடமும் வாயைத் திறக்க மாட்டார்.

படி 8: மறுபடி கூப்பிடுவது, எழுதி வைப்பது

ஆபத்து அதிகம் உள்ளவரை மூன்று மாதத்துக்கு ஒருமுறை வரவையுங்கள். ஒவ்வொரு முறையும் 5 சதவீத ஃபுளோரைடு வார்னிஷ் பூசிவிடலாம். அதற்கு ஒரு நிமிடம் ஆகும். வலி இல்லாத நாளில் வந்து, கண்ணாடியால் எண்ணிப் பார்த்து, வார்னிஷ் பூசிக்கொண்டு சிரித்தபடி திரும்பினால்தான் வலி வந்த நாளில் அவர் நாற்காலியில் ஏறுவார்.

சீட்டில் பல் எண்ணோடு இதையும் எழுதுங்கள்: எந்த நேரத்தில் வந்தார், அறையில் யார் இருந்தார்கள், எந்தப் படிவரை போனோம், எதில் நின்றது, எது உதவியது. நீங்கள் இல்லாத நாளில் இன்னொருவர் பார்க்க வேண்டி வரலாம். என் கோப்பு ஒன்றில் இருப்பது இப்படி: 'காலை 9. விளக்கு வேண்டாம். நீலக் கையுறை மட்டும். எண்ணும்போது பத்துக்கு மேல் போகாதே. அக்கா கையைப் பிடித்திருக்க வேண்டும். கண்ணாடி, கீழ் இடது ஆறாம் பல்வரை. அடுத்த முறை ஏழு.'